கூபாலாவின் துண்டு

மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றிற் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இல்ல விளையாட்டுப் போட்டியை ஒட்டி மாணவருக்குப் பேச்சுப் போட்டி; தலைப்பு ‘விளையாட்டுக்கு எல்லை இல்லை’ என்பது. இத்தகைய தலைப்புகளை யார் கண்டுபிடிக்கிறார்களோ நாம் அறியோம். ஆண்டுதோறும் அவை தாமே முளைத்துவிடுகின்றன. நண்பர் உதைபந்தாட்டப் பிரியர். ஆகவே லாஸ்லோ கூபாலாவின் கதையை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். ஹங்கேரியிற் பிறந்தவர், செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ஸ்பெயின் என்னும் மூன்று நாடுகளின் தேசிய அணிகளிலும் ஆடியவர், எல்லைகளைக் காலால் உதைத்துத் தள்ளிய மனிதர் என்று முடித்தாராம். அப்போது பின்வாங்கிலிருந்து தரம் ஒன்பது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அவருக்கு ஐடென்டி காட்டு யாரு குடுத்தாங்க?” என்று கேட்டிருக்கிறான்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு மேலே சென்றிருக்கிறார். வீட்டுக்கு வந்த பின்னரே, தம்மிடம் அதற்கு மறுமொழி இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. அதனை எம்மிடம் கேட்டு எழுதினார். தனிக் கடிதத்தில் மறுமொழி எழுதி முடித்திருக்கலாம். ஆனால் கேள்வி ஒரு வகுப்பறைக்குள் அடங்குவதாக எமக்குத் தோன்றவில்லை.

கூபாலா 1927 ஜூன் 10 அன்று புடாபெஸ்ற் நகரிற் பிறந்தவர். பெற்றோர் ஸ்லோவாக்கிய வழியினர்; உழைத்துண்ணும் எளிய குடும்பம். கான்ஸ் தொழிற்சாலையின் அணியிற் சிறுவனாக ஆடத் தொடங்கி, பின்னர் நாட்டின் பெயர்பெற்ற பெரென்ஸ்வாரோஸ் கழகத்திற் சேர்ந்தார். 1946இல் எல்லை கடந்து பிராட்டிஸ்லாவா நகரத்துக் கழகம் ஒன்றுக்குச் சென்றார். பட்டாளச் சேவைக்குத் தப்பவே சென்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அங்கே பெர்டினாண்ட் டௌச்சிக் என்னும் பயிற்றுநரின் தங்கையை மணந்தார். செக்கோஸ்லோவாக்கிய அணிக்காக 6 ஆட்டங்கள் ஆடினார். 1948இல் மீண்டும் புடாபெஸ்ற், வாஷாஷ் கழகம். இம்முறை ஹங்கேரி அணிக்காக 3 ஆட்டங்கள். 1949 ஜனவரியில், சோவியத் படைவீரரின் உடையணிந்து, ஒரு லொறியின் பின்புறத்தில் ஒளிந்து, ஒஸ்திரியாவில் அமெரிக்கர் வசமிருந்த பகுதிக்குத் தப்பினார். அங்கிருந்து இத்தாலி. மனைவியும் கைக்குழந்தையும் பின்னரே வந்து சேர்ந்தனர்.

இவ்விடத்திலேதான் கதையின் முதல் முடிச்சு விழுகிறது. மனிதன் எல்லையைக் கடந்துவிட்டான், ஆட்டக்காரன் கடக்கவில்லை. அவர் எம்மிடம் ஒப்பந்தத்தில் உள்ளவர், அனுமதியின்றி ஓடிவிட்டார் என்று ஹங்கேரிச் சம்மேளனம் முறையிட்டது. பீபா என நாம் வழங்கும் சர்வதேசச் சம்மேளனம் அம்முறையீட்டை ஏற்று ஓராண்டுத் தடை விதித்தது. காலும் உண்டு, கலையும் உண்டு, அழைக்கக் கழகங்களும் உண்டு. முன்னைய எசமானின் விடுதலைச் சீட்டு மட்டும் இல்லை.

மலையகத்து வாசகருக்கு இதனை விளக்க நாம் ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதில்லை. எமது தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. ஒரு தோட்டத்துத் தொழிலாளி இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவனும் அவன் கங்காணியும் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதனைக் கட்டுவோரிடம் ஆளை விடுவோம் என்று துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். புதிய துரை அத்தொகையைக் கட்டினால் ஆள் கைமாறுவான். தொகை அவன் பெயரிற் புதிய கடனாக ஏறும். துண்டு இல்லாதவனை வேலைக்கு வைப்பவர் இல்லை. சொல்லாமற் போனால் மறியல் உண்டு. தொழிலாளி தன் உடம்பைத் தானே எடுத்துக்கொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. அக்காகிதத்தில் அவன் பெயரைவிடத் தொகையே முக்கியமானது. 1921இல் சட்டம் இம்முறையைத் தடை செய்தது. தடை செய்த பின்பும் கடன் தீர்ந்ததா என்பது வேறு கதை.

உதைபந்தாட்டத்தில் ‘மாற்றுத் தொகை’ என்று இன்று பத்திரிகைகள் கோடிக் கணக்கிற் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றனவே, அதன் எலும்புக்கூடு இந்தத் துண்டேயன்றி வேறில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னருங்கூட, பழைய கழகத்துக்குப் பணம் கட்டப்படாவிடின் ஆட்டக்காரன் இன்னொரு கழகத்தில் ஆட முடியாது என்ற நிலை ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்தது. பெல்ஜியத்து ஆட்டக்காரர் ஒருவர், ஜான்-மார்க் பொஸ்மன், தம் கழகத்துக்கு எதிராக வழக்காடி, 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றத்திற் பெற்ற தீர்ப்பே அதனை உடைத்தது. மாத்தளைக் கொக்கோத் தோட்டத்துக் கூலியின் துண்டைச் சட்டம் கிழித்து 74 ஆண்டுகள் சென்ற பின்னரே ஐரோப்பாவின் ஆட்டக்காரனது துண்டு கிழிந்தது. வழக்கில் வென்ற பொஸ்மன் ஆட்டத்தை இழந்து வறுமையுற்றார் என்பதையும், அத்தீர்ப்பினால் விளைந்த பெருஞ்செல்வம் பின்வந்தோர்க்கே போயிற்று என்பதையும் இங்கே ஒரு வரியிற் சொல்லி வைக்கிறோம்.

மீண்டும் கூபாலாவிடம் வருவோம். ரோமாபுரியில் சினெசித்தா என்றொரு பெரிய படப்பிடிப்பு வளாகம் உண்டு. போர் முடிந்த காலத்தில் அது அகதி முகாமாக இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடி வந்த ஆட்டக்காரர் சிலர் அங்கே கூடி ‘ஹங்காரியா’ என்றோர் அணியை அமைத்தனர். தாமும் தப்பி வந்துவிட்ட டௌச்சிக் பயிற்றுநர். நாடில்லாதவரின் அணி, ஆதலின் எந்த நாட்டுப் போட்டியிலும் இடமில்லை, நட்பாட்டங்களே பிழைப்பு. 1950இல் அவ்வணி ஸ்பெயினுக்கு வந்தது. மாட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் ஆடிற்று. கூபாலாவைக் கண்ட பார்சலோனாக் கழகத்தார் அந்த ஜூன் மாதத்திலேயே ஒப்பந்தம் எழுதிவிட்டனர். டௌச்சிக்கையும் பயிற்றுநராக எடுத்துக்கொண்டனர். ஆயினும் தடை நீங்கும்வரை அவர் போட்டிகளில் ஆட முடியவில்லை. நட்பாட்டங்களில் மட்டும் ஆடிக்கொண்டு காத்திருந்தார். ஸ்பானியச் சம்மேளனம் பீபாவிடம் வாதாடிற்று. 1951இல் வழி திறந்தது; குடியுரிமையும் வந்தது. ஹங்கேரியில் லாஸ்லோ, ஸ்லோவாக்கியரிடம் லாடிஸ்லாவ், ஸ்பெயினில் லடிஸ்லாவோ. ஒரே மனிதன், மூன்று பதிவேடுகள், மூன்று பெயர்கள்.

ஆக, மாணவனே, உன் கேள்விக்கு நேரான மறுமொழி இதுதான்: அவருக்கு அடையாள அட்டை கொடுத்தது பிராங்கோவின் ஸ்பெயின். ஏன் கொடுத்தது என்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் அடித்த கோல்கள். மற்றொன்று, அவர் எங்கிருந்து ஓடி வந்தார் என்பது.

கோல்களை முதலிற் பார்ப்போம். அவற்றை எழுதுவதில் எமக்கும் மகிழ்ச்சி உண்டு. 1951-52 பருவத்தில் 19 லீக் ஆட்டங்களில் 26 கோல்கள். 1952 பெப்ரவரியில் ஹிகோன் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 7. அப்பருவத்தில் பார்சலோனா 5 கிண்ணங்களை வென்றது. தடுப்புச் சுவராக நிற்கும் எதிராளிகளின் மேலாகப் பந்தை வளைத்து இறக்கும் வித்தையை ஸ்பானியர் அவர் காலிற் கண்டு வியந்தனர். மறு பருவத்தில் காசநோய். இனி ஆடமாட்டார் என்றனர். மாதக்கணக்கில் மலைக்காற்றில் இருந்து தேறித் திரும்பி வந்து ஆடினார். அவரைப் பார்க்க வந்த கூட்டத்தைப் பழைய லெஸ் கோர்ட்ஸ் மைதானம் கொள்ளவில்லை என்பதனாலேயே 1957இல் திறக்கப்பட்ட கேம்ப் நௌ அரங்கைக் கூபாலா கட்டிய அரங்கு என்று அந்நகரத்தார் சொல்வர். சற்று மிகைதான், ஆனால் வெறும் மிகையன்று. 1953 முதல் ஸ்பெயின் அணிக்காக 19 ஆட்டங்களில் 11 கோல்கள் அடித்தார். மூன்று நாடுகளுக்கு ஆடிய அந்தக் கால்கள் உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஒரு நிமிடமேனும் ஆடியதில்லை என்பது இதன் மறுபக்கம். 

மற்றைய காரணத்தைப் புகழுரைகள் விட்டுவிடுகின்றன. 1955இல் ஸ்பெயினில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. பொதுவுடைமை நாட்டிலிருந்து தப்பி வந்து அமைதி தேடும் ஆட்டக்காரனின் கதை. கூபாலாவே கூபாலாவாக நடித்தார். படப்பிடிப்பு வளாகத்தில் அகதியாகக் கிடந்தவர் படத்திற் கதாநாயகனானார்! தன் சொந்தக் குடிமக்களிற் பல்லாயிரவரை எல்லைக்கப்பால் விரட்டி, அவர்கள் திரும்பி வர வழியடைத்து வைத்திருந்த அரசாங்கம், அகதியை அணைத்துக்கொள்ளும் தன் கருணையை அப்படத்தின் மூலம் உலகுக்குக் காட்டிற்று. கூபாலா மீது எமக்குக் குறையில்லை. மூழ்குகிறவன் எறியப்பட்ட கயிறு எவனுடையது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் கயிறு யாருக்கு எறியப்பட்டது, யாருக்கு எறியப்படவில்லை என்று கரையில் நிற்கும் நாம் கேட்கத்தான் வேண்டும். சினெசித்தா முகாமில் தச்சரும் தையற்காரரும் கைக்குழந்தைக்காரிகளும் இருந்தனர். அவர்களைப் பார்த்து ஒப்பந்தம் எழுத எந்தக் கழகமும் வரவில்லை.

இனி எமது பக்கத்துக் கணக்கு. கூபாலா லொறியில் ஒளிந்த அதே காலத்தில் இலங்கையில் என்ன நடந்தது என்பதை ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தபோது எமக்கே திகைப்பாக இருந்தது. 1948இல் அவர் ஹங்கேரிக்கு ஆடுகிறார். 1948இல் இங்கே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறுகிறது. 1949இல் அவர் நாடற்றவராகிறார். 1949இல் இங்கே தேர்தற் சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளரின் வாக்கையும் எடுத்துவிடுகிறது. 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து 7 உறுப்பினரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்கள், தாம் இருந்த லயத்தில் இருந்தபடியே, ஓர் எல்லையையும் கடக்காமல், நாடற்றவராயினர். கூபாலா நாட்டைவிட்டு ஓடினார். இவர்களைவிட்டு நாடு ஓடிற்று.

அவருடைய காகிதம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்தது. இவர்களுடையது?

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தனர்; எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்று வைத்து, 1974இல் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தனர். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்கும் விண்ணப்பித்த குடும்பங்கள் எத்தனையோ. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று மக்கள் அழைத்தனர். மாத்தளையார்க்கு அதில் இன்னொரு கசப்பும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில், கோப்பிக் காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து, தம்புள்ளையூடாக மாத்தளைக்கே வந்து சேர்ந்தனர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர் தொகை எந்தப் பதிவேட்டிலும் முழுதாக இல்லை. நடந்து முடித்தவர் கும்பிட்ட தாய்க்கே இன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. பாட்டன் மன்னாரிலிருந்து நடந்து வந்த திசையிலேயே பேரன் மன்னாருக்கு அனுப்பப்பட்டான். வந்தபோது கூலி, போனபோது ‘தாயகம் திரும்புவோர்’. அங்கே போய் இறங்கியதும் ‘சிலோன்காரன்’.

தங்கியவருக்கு 1988இல் ஒரு சட்டமும், இறுதியாக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. 1948க்கும் 2003க்கும் இடையில் 55 ஆண்டுகள். இதற்குள் கூபாலா ஆடி, ஓய்ந்து, 1967இல் ரொறன்ரோ நகரத்து அணியில் மகனோடு சேர்ந்து ஆடி (ரொறன்ரோவின் பெயரைக் கேட்டதும் எம் வாசகர் பலருக்குத் தம் உறவினர் முகம் நினைவுக்கு வரும்), 1969 முதல் 1980 வரை ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்றுநராய் இருந்து, கழகத்தின் நூற்றாண்டில் அதன் தலைசிறந்த ஆட்டக்காரராக இரசிகர்களால் தெரிவு செய்யப்பட்டு, 2002 மே 17 அன்று பார்சலோனாவிற் காலமுமானார். ஆம், ஒரு முழு வாழ்வு முடிந்தும் எமது காகிதம் முடியவில்லை.

இதனைக் கூறும்போது ஒரு மறுப்பு எழலாம்: கூபாலா உழைத்துப் பெற்றார், திறமை காட்டிப் பெற்றார் என்று. திறமையை யார் மறுத்தார்? ஆனால் நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று நிறுத்துப் பார்க்கப்படும் கையில் திறமை இல்லையா? நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிய கைகள் அவை என்பதைப் பொருளியற் பாடநூல்களே சொல்கின்றன. குடியுரிமை திறமைக்குப் பரிசாகுமானால், சராசரி மனிதனுக்கு நாடே இருக்க வழியில்லை. கண்டியில் 1972இற் பிறந்த முத்தையா முரளிதரன், தோட்டத் தொழிலுக்காக இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன். மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளையில் 2001இல் திறக்கப்பட்ட அரங்கு அவர் பெயரைச் சொல்லி ஆரவாரித்தது. டெஸ்ட் ஆட்டங்களில் அவருடைய 400ஆவது விக்கெட்டு 2002 ஜனவரியில் விழுந்தது. அவருடைய பாட்டன் வந்த அதே வழியில் வந்தோரின் சந்ததியில் எஞ்சிய நாடற்றோர்க்கான சட்டமோ அதற்கும் மறு ஆண்டிலேயே வந்தது. முரளிதரனைக் காட்டி, இனி என்ன குறை என்று கேட்டவர்களுக்கு அரங்கின் ஓசையில் இது கேட்டிராது.

கூபாலாவின் பின் வந்த ஹங்கேரியரையும் சொல்லாமல் விடுவது முறையன்று. 1956 இலையுதிர் காலத்தில் புடாபெஸ்றில் எழுச்சி வெடித்தபின், பட்டாளக் கழகமாகிய ஹொன்வேட் அணி வெளிநாட்டிற் போட்டியில் இருந்தது. திரும்புவதா, தங்குவதா? பெரெங்க் புஷ்காஷும் யோசெப் போழிக்கும் கிஸ்பெஸ்ற் என்னும் தொழிலாளர் புறநகரில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். கந்தற் பந்தை உதைத்து ஒன்றாக வளர்ந்தவர்கள். போழிக் திரும்பினார். புஷ்காஷ் தங்கினார். அவருக்கும் தடை வந்தது. 31 வயதில், பருத்த உடம்போடு, 1958இல் ரியல் மாட்ரிட்டிற் சேர்ந்தபோது பலர் நகைத்தனர். 1960இல் கிளாஸ்கோவில், ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், 7-3 என்ற வெற்றியில் 4 கோல்கள் அவருடையவை. 1981இலேயே அவர் பிறந்த நாட்டு மண்ணை மீண்டும் மிதித்தார். போழிக் இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மாத்தளையில் 1964இன் பின் ஒரே லயத்து நண்பர்கள் பிரிந்ததை அறிந்தவர்க்கு இதற்கு மேல் நாம் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

தங்கிய மற்றிருவர் சாண்டோர் கோச்சிஷும் சொல்டான் சிபோரும். பார்சலோனாவிற் கூபாலாவோடு சேர்ந்தனர். 1961 மே 31 அன்று சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். எதிரணி லிஸ்பனின் பென்பிக்கா. அதன் பயிற்றுநர் பேலா குட்மன், அவரும் புடாபெஸ்றிற் பிறந்த யூதர், நாற்சிகளின் கைக்குத் தப்பியவர். மைதானம் வாங்க்டோர்ப், 1954 ஜூலை 4 அன்று உலகக் கிண்ண இறுதியில் ஹங்கேரி ஜேர்மனியிடம் 3-2 எனத் தோற்ற அதே மைதானம். அன்று சிபோர் கோலடித்தார், தோற்றார். இன்று கோச்சிஷ் அடித்தார், சிபோரும் அடித்தார்; பார்சலோனா 3-2 எனத் தோற்றது. பந்து திரும்பத் திரும்பக் கோற்கம்பத்திற் பட்டு வெளியே தெறித்தது. நான்கு ஹங்கேரியர் அன்று அம்மைதானத்தில் இருந்தனர்; ஹங்கேரிக்காக ஒருவரும் இல்லை. நாவலாசிரியன் எழுதியிருந்தால் மிகையென்று நாம் திருப்பி அனுப்பியிருப்போம்.

சிபோர் முதுமையில் தம் ஊராகிய கொமாரோமுக்குத் திரும்பி, 1997இல் அங்கேயே கண்மூடினார். கோச்சிஷ் 1979இல் பார்சலோனாவில், நோயுற்றிருந்த மருத்துவமனையின் சாளரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவர் அஸ்தி 2012இலேயே புடாபெஸ்ற் சென்றது. அஸ்திக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை போலும்.

பெயரைப் பற்றி ஒரு சொல். எல்லைதோறும் கூபாலாவின் பெயரைப் பதிவேடுகள் மாற்றின. தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்களோ எல்லை கடக்காமலே மாறின. தாய் வைத்த பெயரை எழுதுவினைஞர் தம் செவிக்குப் பட்டவாறு எழுத, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாடசாலை இடாப்பில் ஒன்று, செக்குரோலில் ஒன்று என்று ஒரே பிள்ளை மூவராவது அங்கே புதுமையன்று. எமது இலக்கிய வட்டத்தார் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு என்று அம்மாவட்டத்தின் எழுத்தாளர் தம் ஊரைப் பெயருக்கு முன் இட்டுக்கொண்டனர். ஊர்ப்பற்று என்று விமரிசகர் அதனை எளிதாகத் தாண்டிவிடுவர். இது எமது ஊர் என்று சட்டம் சொல்லாத காலத்தில் வளர்ந்த தலைமுறை, புத்தக அட்டையில் அதனைத் தானே சொல்லிக்கொண்டது என்றே நாம் வாசிக்கிறோம். சோமு ஆஸ்திரேலியாவிற் குடியேறிய பின்னும் ‘மாத்தளை’யை விடவில்லை.

இவை எல்லாம் பழங்கதை என்று தள்ளவும் இயலாது. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. நிர்வாகப் பூசல் நிர்வாகிகளுடையது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் தடை நீங்கும்வரை சர்வதேச ஆட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் ஆட்டக்காரர். எழுபது ஆண்டுகளுக்கு முன் கூபாலாவைக் கட்டிய கயிற்றின் அதே முறுக்கு.

நண்பருக்கு இவ்வளவையும் எழுதி, வகுப்பிற் சொல்லும்படி கேட்டிருந்தோம். தலைப்பையும் முடிந்தால் மாற்றும்படி. கேள்வி கேட்ட மாணவனைப் பற்றியும் விசாரித்தோம். அவர் எழுதிய மறுகடிதத்தின் கடைசிப் பந்தி இது: பையன் இடது காலால் நன்றாக அடிப்பான், வலயப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறான், வயதை உறுதிப்படுத்தப் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், சான்றிதழில் உள்ள பெயரும் பாடசாலை இடாப்பில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபடுகின்றன, திருத்தத்துக்கு விண்ணப்பித்து ஏழு வாரமாகிறது, தகப்பனார் இரண்டு நாட் சம்பளத்தை விட்டு இரண்டு முறை போய் வந்துவிட்டார், ஆட்டம் அடுத்த மாதம் நான்காந் திகதி.

திருத்தம் கிடைத்ததா என்று நேற்றும் எழுதிக் கேட்டிருக்கிறோம்.